பதினேழாம் நம்பருக்கு எத்தனை கோட்

நீலமா? நீலம்னு எவனுங்க சொன்னது? உங்க பிரின்ஸிபாலா? அவுருக்கு எந்த ஊருங்க, சேலமா? சேலத்துப் பக்கம் வேணும்னா நீலமாப் பறந்திருக்கும். இங்க பறக்கலீங்க மேடம். கடற்படைன்னு சொன்னாப் போதும், எல்லாரும் நீலத்தைக் கரைக்க உக்காந்துர்றாங்க. முப்பது வருசம் இந்த ஊரு கடற்படை விமானத் தளத்துல பெயிண்டரா இருந்தவன் சொல்றேன், அந்த ஏரோப்ளேன் உடம்புல ஒரு சொட்டு நீலம் பட்டதில்லைங்க.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க தேடி வந்த நாச்சிமுத்து நாந்தான். சிவிலியன் பெயிண்டர் நாச்சிமுத்து. உங்களை இங்க அனுப்பிச்சவன் 'வெள்ளைக்கல்லு நாச்சிமுத்து'ன்னு சொல்லியிருப்பானே? சொல்லியிருப்பான். சும்மா தலையாட்டாதீங்க, சொல்லியிருப்பான். கல்லு விசயத்துக்கு அப்பறம் வரேன்.

நீங்க பாலிடெக்னிக்குல என்ன பாடமுங்க? மெக்கானிக்கலா? அப்ப நல்லதாப் போச்சு. பாதி சொன்னாலே உங்களுக்குப் புரியும். இத்தனை வருசத்துல கலரு என்னன்னு என்னைய ஒருத்தரும் கேட்டு வரலீங்க. நீங்கதான் முதல் ஆளு. நீங்க புதுசாப் பெயிண்ட் அடிக்கப் போறது, உங்க கேட்டுக்கு முன்னால சிமெண்டுத் தூண் மேல மூக்கைத் தூக்கிட்டு நிக்குதே, அது பதினேழாம் நம்பர். நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு, ஆனா எனக்குத் தெரியும். பின்னால போயி நின்னு பாருங்க, இடது பக்கத்து வாலுப் பலகையோட ஓரத்துல ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுத் தகடு இருக்கும். ரிவெட் அடிச்சு ஒட்டுனது. அது ஏன்னும் சொல்றேன்.

மொதல்ல கலரைச் சொல்லிடறேன், எழுதிக்கங்க. ஆரம்பத்துல வெள்ளி. அலுமினியப் பெயிண்ட். உடம்பைச் சுத்தி ஒரு மஞ்சப் பட்டை, ரெண்டு றெக்கையிலயும் ஒவ்வொரு மஞ்சப் பட்டை. 'பழகறவன் ஓட்டறான், தள்ளிப் போ'ன்னு அர்த்தம். காருக்கு எல் போர்டு மாட்டறாங்கல்ல, அதாட்டந்தான். இன்னொரு ஜாதி ஏரோப்ளேன் இருந்துச்சு. அது கயித்துல ஒரு துணிக் குழாயைக் கட்டி பின்னால இழுத்துட்டுப் போகும். கப்பல்ல இருக்கறவன் அந்தத் துணியைச் சுட்டுப் பழகோணும். அதுக்கு மட்டும் வயித்துல மஞ்சளும் கருப்புமாச் சாஞ்ச சாஞ்ச பட்டை. 'துணியைச் சுடு சாமி, என்னையச் சுட்டுராதே'ன்னு சொல்றதுக்கு. அந்தப் பட்டையெல்லாம் நானே அடிச்சிருக்கேன். ஸ்கேல் வெக்காம அடிப்பேன், நூலு புடிச்சாப்பல நிக்கும்.

கடலே இல்லாத ஊருல கடற்படைக்கு என்னடா வேலைன்னு எங்க மாமனாரு சாகற மட்டும் கேட்டாரு. கடலுக்கு மேல பறக்கறதுக்கு முன்னால காட்டுக்கு மேல பறந்து பழகறதுங்க மாமான்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அவுரு நம்பவே இல்ல. விடுங்க.

ஒரு வருசம் மாசி மாசத்துல ஒரு உத்தரவு வந்துச்சு. அறுவடை முடிஞ்ச காடு பூராச் சோளத்தட்டு நிறத்துல கெடக்குது, அது மேல மஞ்சப் பட்டை கண்ணுக்கு எடுக்கல, ரெண்டு ட்ரெய்னரு, அதான் பழகற ஏரோப்ளேன், ஒண்ணோட ஒண்ணு மோதப் பாத்துச்சு. அதனால மஞ்சளை எடு, ஆரஞ்சு அடி. ஆரஞ்சுன்னா நம்ம பழத்து ஆரஞ்சு இல்லீங்க. ஒளி விடற ஆரஞ்சு. சீமையில இருந்து டப்பாவுல வந்துச்சு. மூடியைத் தொறந்தா ஷெட்டே வெளிச்சமாயிரும். எனக்கு அப்ப இருவத்தாறு வயசு. அந்த டப்பாவை மொதமொதல்ல தொறந்த அன்னிக்கு நானு சாப்பாட்டுக்கே போகலீங்க, பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

மூக்கு, றெக்கையோட நுனி, வாலு. இந்த மூணு எடத்துலயும் ஆரஞ்சு. நல்லா எழுதிக்கங்க: வெள்ளி உடம்பு, ஆரஞ்சு மூக்கு, ஆரஞ்சு நுனி, ஆரஞ்சு வாலு, கருப்பு எழுத்து. உங்க பிரின்ஸிபால்கிட்டக் காட்டுங்க.

இப்ப வாலு. வாலுல படுக்கை வசத்துல ரெண்டு பலகை இருக்குதுல்ல, கீல் மேல ஆடறது. அதை மேல கீழ ஆட்டித்தான் ஏரோப்ளேன் ஏறும், எறங்கும். அந்தப் பலகைக்கு ஒரு சட்டம் உண்டு. கீலுக்குப் பின்னால கனம் ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா வேகத்துல போகறப்ப அது தானா அடிச்சுக்க ஆரம்பிச்சுரும். கொடியில காயற துணி காத்துக்குப் படபடன்னு அடிக்குமே, அந்த மாதிரி. துணி கிழிஞ்சா ஊசியில தைச்சுக்கலாம். அதனால பலகைக்கு மூணே கோட்டுதான். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு வார்னிஷ். அடிச்சு முடிச்சதும் பலகையைக் கழட்டி, ரெண்டு கத்தி முனை மேல கீலை நிறுத்தி, தராசாட்டம் சரி பாக்கோணும். பின்னால தாழ்ந்துச்சுன்னா முன்னால ஈயம் வெப்பாங்க. அப்பறம் ஒரு அட்டையில எத்தனை கோட்டுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சரி பாத்தேன்னு ஃபிட்டரு கையெழுத்துப் போடுவான். அட்டையை நூல்ல கட்டித் தொங்க விட்டாத்தான் பலகை ஷெட்டை விட்டு வெளிய போகும்.

ஃபிட்டரு பேரு ஞானசிகாமணி. மார்த்தாண்டத்துக்காரன். என்னைய விட நாலு வயசு மூப்பு, ஆனா எங்களுக்குள்ள வாடா போடாதான். ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சா நேரா எங்கூட்டுக்கு வந்துருவான், எங்கூட்டுக்காரி வெக்கற கறிக்கொழம்புக்கு. நல்லவன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா கண்ணுன்னு ஒண்ணு அவனுக்குக் கிடையாதுங்க. தராசுதான் உண்டு. நான் ஒரு பலகையைப் பள பளன்னு அடிச்சு நிறுத்துவேன், அவன் வந்து நகத்தால சொரண்டிப் பாப்பான். "மக்கா, ஒனக்க கண்ணுக்கு அழகு, எனக்க தராசுக்குப் பாரம்"பான். எத்தனையோ மட்டம் என் பெயிண்டைச் சுரண்டச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கான். ஒரு பெயிண்டருக்கு அது எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

அந்த ஆரஞ்சுக்கு ஒரு கேடு இருந்துச்சு. வெயிலு ஆகாது. சீமை வெயிலுக்குச் செஞ்சது, நம்மூரு வெயிலுக்குத் தாங்குமா? நாப்பதே நாள். சித்திரை பொறக்கறதுக்குள்ள வெளுத்த தக்காளியாட்டம் ஆயிருச்சு. மூக்கும் றெக்கை நுனியும் அசையாத பாகம், அங்க நான் பாட்டுக்கு மேல மேல அடிச்சுச் சரி பண்ணிட்டேன். வாலுப் பலகையைத் தொட முடியல. தொட்டாச் சுரண்டோணும், கழட்டோணும், தராசு, அட்டை. ஒண்ணரை நாள் வேலை. அதனால மூக்கு செவ செவன்னும் வாலு சொறி புடிச்சாப்பலயும் நின்னுச்சு. எனக்கு அந்தப் பக்கம் போகவே வெக்கமா இருந்துச்சுங்க.

அப்பப் பாத்து பம்பாயில இருந்து ஒரு அட்மிரல் பார்வையிட வராருன்னு சேதி. திங்கக்கெழமை காத்தால வராரு. சனிக்கெழமை சாயங்காலம் சீஃப் மொகந்தி ஒரு சுத்துச் சுத்துனாரு. ஒரிசாக்காரரு, எங்க ஷெட்டுக்கு அவுருதான் எசமான். பதினேழாம் நம்பருக்குப் பின்னால நின்னு, "நாச்சி, வாலு அசிங்கமா இருக்கு, என்னமாவது பண்ணு"ன்னாரு. கவனிச்சுக்கங்க மேடம். என்னமாவது பண்ணுன்னாரு. கழட்டிப் பண்ணு, சுரண்டிப் பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

நான் ஞானசிகாமணிகிட்டத்தான் போனேன். போகலைன்னு யாரும் சொல்ல முடியாது. "நாளைக்கு வாடா, ரெண்டு பேருஞ் சேந்து பதினேழை மட்டுமாச்சும் முடிச்சுருவோம்"னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? "வெளுத்தா வெளுக்கட்டும் மக்கா. பறக்குதா இல்லியா, அதப் பாரு. திங்கக்கெழம கழிஞ்சு வச்சுப் பாப்போம்." அவ்வளவுதான். போயிட்டான். அன்னிக்கு அவன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் மட்டும் போனேன். ஹேங்கர்ல ஈ காக்கை இல்ல. அர டப்பா ஆரஞ்சு மீதி இருந்துச்சு. வாலுப் பலகையை உப்புத்தாள்ல லேசா ஒரு தேய், அவ்வளவுதான். சுரண்டறதுக்கு நேரமில்லைங்க. சுரண்ட உக்காந்தா இருட்டிரும், பெயிண்ட் காயாது. வெளுத்த ஆரஞ்சு மேலயே அடிச்சா கலரு நிக்காது, அடியில வெள்ளை வேணும். அதனால ஒரு வெள்ளை, மேல ஒரு ஆரஞ்சு. ஸ்ப்ரே கன்னைப் புடிச்ச கை நடுங்கல. இன்னிக்கு நடுங்குது பாருங்க, டம்ளரைப் புடிச்சா நடுங்குது. அன்னிக்கு ஒரு வழிசல் இல்ல, ஒரு பொட்டு இல்ல. முடிச்சிட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், எம் பொண்ணு பொறந்து பதினெட்டாம் நாளு அது, அவ மொகத்தைக் கூட அப்படிப் பாத்ததில்ல.

அட்டையில ஏன் எழுதலைன்னு கேப்பீங்க. அது டச்சப்புங்க. டச்சப்பை அட்டையில எழுதற வழக்கம் கிடையாது. மூக்குக்கும் றெக்கைக்கும் எத்தனையோ டச்சப் பண்ணியிருக்கேன், ஒண்ணையும் எழுதுனதில்ல. கோட்டுன்னா கோட்டு, டச்சப்புன்னா டச்சப்பு. அட்டையில மூணுன்னு இருந்துச்சு. மூணு மூணாவே இருந்துச்சு.

திங்கக்கெழமை அட்மிரல் வந்தாரு. ஒம்பது ஏரோப்ளேன் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணா நடந்து வந்தவரு பதினேழுக்குப் பின்னால வந்து நின்னுட்டாரு. நின்னு, பாத்து, பக்கத்துல இருந்த ஆபீசர்கிட்ட, "இதை யாரு பெயிண்ட் பண்ணது?"ன்னாரு. என்னையக் கையைக் காட்டுனாங்க. அவுரு என்னையப் பாத்துத் தலையை ஆட்டுனாரு. இப்படி. ஒரே ஒரு மட்டம். மேடம், அந்தத் தளத்துல ஐநூறு பேரு வேலை செஞ்சோம். அட்மிரல் தலையாட்டுனது ஒருத்தனுக்குத்தான்.

ஞானசிகாமணி நாலு ஆளு தள்ளி நின்னுட்டிருந்தான். அவன் என்னையப் பாக்கல, வாலைப் பாத்தான். பாத்தவன் ஒரு எட்டு முன்னால வெச்சான். அதுக்குள்ள விசிலு ஊதி எங்களையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிட்டாங்க. அட்மிரலுக்கு மூணு ட்ரெய்னரு பறந்து காட்டோணும். பழகற பசங்களே ஓட்டிக் காட்டோணும், தனியா, பின்சீட்டுல வாத்தியாரு இல்லாம. நடுவுல பதினொண்ணு, வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் பதினேழு. பதினேழுல ஏறுனது சப்-லெப்டினன்ட் பருச்சா. பார்சிக்காரரு, ஒல்லியா, இருவத்தொரு வயசு. ஏறறதுக்கு முன்னால ஏரோப்ளேனைச் சுத்தி வந்து பாக்கோணும், அது மொறை. அவுரும் வந்தாரு. வாலுப் பலகையைத் தொட்டுப் பாத்துட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. அப்ப அது நல்லாக் காஞ்சிருந்துச்சு, கையில ஒட்டல.

மூணும் மேல ஏறிக் கெழக்கால போயிருச்சு. ஞானசிகாமணி என் பக்கத்துல வந்து நின்னான். "நேத்து இங்க வந்தியா?"ன்னான். "சீஃப் சொன்னாரு, வந்தேன்"னேன். "சொரண்டினியா?" அட்மிரல் நிக்கறாரு, அப்பப் போயி என்ன பேச்சு? அவன் திரும்பி சீஃப்பைத் தேடுனான். சீஃப் அட்மிரலுக்குப் பின்னால, பந்தலுக்குள்ள நிக்கறாரு. இவன் அந்தப் பக்கம் ஓட ஆரம்பிச்சான். ஒரு சிவிலியன் ஃபிட்டரு அழுக்குக் காக்கியோட அட்மிரல் பந்தலைப் பாத்து ஓடுனா விடுவானுங்களா? காவலுக்கு நின்னவன் ரெண்டு பேரு தோளைப் புடிச்சு நிறுத்திட்டானுங்க. அதுக்குள்ள மூணும் மேக்கால திரும்பி எறங்க ஆரம்பிச்சுருச்சு. எங்க தலைக்கு மேல வேகமா ஒரு வரிசை போகோணும், அதுக்காக மூக்கைக் கீழ விட்டு எறங்குதுங்க.

மொதல்ல சத்தந்தான் கேட்டுச்சு. எஞ்சின் சத்தத்துக்குள்ள இன்னொரு சத்தம், தகரத்தை ஆராச்சும் வேகவேகமா ஆட்டற மாதிரி. அப்பறம் பாத்தேன். பதினேழோட வாலு மட்டும் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. ஓரமே இல்ல, கலைச்சு விட்டாப்பல ஆரஞ்சாத் தெரியுது. மத்த ரெண்டு ஏரோப்ளேனோட வாலு அத்தனை தூரத்துல கண்ணுக்கே எடுக்கல, வெளுத்துப் போனதுதானே. இது தெரிஞ்சுச்சு. கலரு எப்படிப் பாருங்க.

அப்பறம் பதினேழு தலையை ஆட்டுச்சு. மேல, கீழ, மேல, கீழ. வரிசையை விட்டு வெலகிருச்சு. ஞானசிகாமணி புடிச்சவனுங்க கையிலயே நின்னுட்டுக் கத்தறான், "வேகத்தக் கொற! மோனே, வேகத்தக் கொற!" ஆகாசத்துல இருக்கறவனுக்கு அது கேக்குமா? ஆனா ரேடியோவுல வாத்தியாரு ஆபீசரும் அதையேதான் சொன்னாராம். எஞ்சின் சத்தம் தணிஞ்சுச்சு. ஒரு நொடி, ரெண்டு நொடி. அந்தத் தகரச் சத்தம் நிக்கவே இல்ல. மாரியாத்தா, மாரியாத்தான்னு சொல்லிட்டிருந்தேன், வேற ஒண்ணும் வரல வாயில. சத்தம் நின்னப்ப ஏரோப்ளேன் பனங்கா ஒசரத்துக்கு வந்திருந்துச்சு. வாலுல இடது பலகையோட ஓரம் கிழிஞ்சு நாக்காட்டம் தொங்கி ஆடுது.

அதுக்கப்பறம் ஏழு நிமிசம். யாரோ கடிகாரத்தைப் பாத்துச் சொன்னாங்க, ஏழு நிமிசம்னு. மெதுவா, மெதுவா, ஊரைச் சுத்தி அகலமா ஒரு திருப்பம் போட்டு வராரு பருச்சா. தீயணைப்பு வண்டி ரன்வேக்குப் பக்கத்துல போயி நிக்குது. ஐநூறு பேரும் அண்ணாந்து பாத்துட்டு நிக்கறோம். சக்கரம் தரையைத் தொட்டு, குதிச்சு, மறுபடி தொட்டு, ஓடி, நின்னுச்சு. ஆளு எறங்கல. ரெண்டு பேரு ஏறித் தூக்கித்தான் எறக்குனாங்க. வாலு அடிச்ச அடியில ஓட்டறதுக்குக் கையில புடிச்சிருந்த கம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிச்சு, வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. இடது கையிலதான் எறக்கியிருக்காரு. ரெண்டு தொடையும் கன்னிப் போயிக் கருப்பு. என்னையத் தாண்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க. மொகம் வெள்ளைத் துணியாட்டம் இருந்துச்சு. அவுரு அப்பறம் பறக்கவே இல்லீங்க. கப்பலுக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்க. கப்பல்லயும் நல்ல உத்தியோகந்தான்.

விசாரணை வியாழக்கெழமைன்னாங்க. புதன்கெழமை மத்தியானம் நான் பெயிண்ட் ஷெட்டுல தனியா இருந்தேன். ஞானசிகாமணி வந்தான். உள்ள வந்து உள்ளங்கையை நீட்டுனான். கிழிஞ்ச ஓரத்துல இருந்து பேத்து எடுத்த ஒரு பெயிண்டுச் சில்லு. கட்டை விரல் நகம் அளவுதான். அதை ஓரத்து வசமாத் திருப்பி என் கண்ணுக்கு நேராப் புடிச்சான். "அஞ்சு"ன்னான். அவ்வளவுதான் சொன்னது. அப்பறம் கேக்கறான், "புள்ளைக்குப் பேரு வச்சாச்சா?" இன்னும் இல்ல, முப்பதாம் நாளு வெக்கறோம்னேன். "ம்"ன்னான். சில்லை என் சட்டைப் பாக்கெட்டுல போட்டு, மேல ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டான்.

இதை நான் இத்தனை வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன் மேடம். தப்பு என் பேருலன்னா அந்தச் சில்லை அவன் விசாரணை மேசை மேல வெச்சிருக்கோணுமா இல்லியா? என் பாக்கெட்டுல எதுக்குப் போடறான்? அவன் தராசுல எங்கியோ பிசகியிருக்கு. அது வெளிய வரக் கூடாதுன்னுதான் என்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். நான் அப்படித்தான் நெனைக்கறேன். வேற எப்படி நெனைக்கறது, சொல்லுங்க?

விசாரணையில அட்டையைக் காட்டுனாங்க. என்னையக் கேட்டாங்க, எத்தனை கோட்டுன்னு. மூணுன்னேன். பொய்யில்லீங்க. கோட்டு மூணுதான். அப்பறம் அவனைக் கேட்டாங்க. சரி பாத்தியா? பாத்தேன் சார். உன் கணக்குல தப்பு வந்திருக்குமா? அவன் ஒரு மட்டம் என் பக்கம் திரும்பினான். நான் சன்னலைப் பாத்துட்டிருந்தேன். "வந்திருக்கலாம் சார்"ன்னான். அவன் வாயாலயே சொன்னது! நான் சொல்லச் சொன்னனா? அவன் வாயால வந்திருக்கலாம்னு சொன்னான், வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பன்னெண்டு வருச சர்வீசு.

அவனை பஸ் ஏத்தி விட நாந்தான் போனேன். வேற ஒருத்தனும் வரல, எல்லாத்துக்கும் பயம். அவன் டிரங்குப் பெட்டியை நாந்தான் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். அதையுஞ் சொல்லோணுமில்ல? பஸ்ஸுல ஏறி உக்காந்து சன்னல்ல கையை வெச்சுட்டு, போகறப்ப என்ன சொன்னான் தெரியுமுங்களா? "மக்கா, இனி அடிச்சா சொரண்டிட்டு அடி." எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. அட்மிரல் நின்னு பாத்த கை இது. எனக்கு ஒரு ஃபிட்டரு பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் குடுக்கறானா? நான் போயிட்டு வாடான்னு கூடச் சொல்லல.

நான் தப்பிச்சனான்னு கேக்காதீங்க. மறுவாரமே சீஃப் என்னைய ஷெட்டுக்குள்ள வராதேன்னுட்டாரு. காரணம் சொல்லல. ஞாயித்துக்கெழமை நான் கழுவி வெச்ச காலி டப்பா அவுரு மேசைக்கு அடியில இருந்துச்சு, அவ்வளவுதான் நான் பாத்தது. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் குடுத்தாங்க. ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை அடி. ஒரு கல்லு வெள்ளை, ஒரு கல்லு கருப்பு. கேட்டுல ஆரம்பிச்சு மெஸ்ஸு வரைக்கும் நாலாயிரத்துச் சொச்சம் கல்லு. முடிக்கறதுக்குள்ள மொத கல்லு மழையில போயிரும். இருவத்தஞ்சு வருசம் மேடம். அவனுக்காச்சும் ஒரு நாள்ல முடிஞ்சுச்சு. மார்த்தாண்டத்துல சைக்கிள் கடை வெச்சு, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துட்டு இருந்தானாம். நிம்மதியான தொழிலு. எனக்குத் தெனமும், ஒவ்வொரு கல்லுக்கும். ஆருக்கு அநியாயம் நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க.

ஒரு கிறிஸ்மஸுக்கு அவன்கிட்ட இருந்து கார்டு வந்துச்சு. பின்னால ஒரே வரி. 'புள்ளைக்கு என்ன பேரு வச்ச?' நான் பதில் போடலீங்க. என்னத்தைப் போடறது? அடுத்த வருசம் வரல. அதுக்கடுத்த வருசமும் வரல.

சரி, பேசிட்டே உங்க வேலையை மறந்துட்டேன். அசல் கலரு வேணும்னீங்கல்ல? புஸ்தகத்துல இருக்கற படமெல்லாம் வெளுத்துப் போன கலரு, அதை நம்பாதீங்க. வெயிலு படாத ஆரஞ்சு இந்த ஊருல ஒரே எடத்துலதான் இருக்குது. அந்த அலமாரியில ஒரு மாத்திரை டப்பா இருக்கும், எடுங்க. தொறங்க. பஞ்சுக்குள்ள இருக்கும். பாத்தீங்களா? எப்படி இருக்குது? நேத்து அடிச்சாப்பல இருக்குதா இல்லியா? எங்கூட்டுக்காரிக்குக் கூட நான் இதைக் காட்டுனதில்ல. எடுத்துட்டுப் போங்க. பெயிண்டுக் கடையில காட்டி இதே கலரு கலக்கச் சொல்லுங்க.

மேல பாருங்க மேடம். மேலதான் கலரு. ஓரத்துல என்ன பாக்கறீங்க?

கண்ணாடியைப் போட்டு எதுக்குங்க பாக்கறீங்க. அதுல ஒண்ணுமில்ல.

அஞ்சா.

ம். எண்ணிட்டீங்களா.

இல்லீங்க, நான் ஒண்ணும் சொல்லல. உக்காருங்க சித்த நேரம். டம்ளரை அக்கட்டால வெய்யுங்க. நீங்க மெக்கானிக்கல். உங்ககிட்டப் போயி டச்சப்புன்னு சொன்னா நீங்க என்ன நெனைப்பீங்க. அவன் என்னையத் திரும்பிப் பாத்தானுங்க, விசாரணையில. நான் சன்னலைப் பாத்துட்டிருந்தேன். சன்னல்ல ஒண்ணுமே இல்ல. ஒரு வேப்ப மரம்.

கெளம்பறீங்களா? சரி. ஒரே ஒரு வார்த்தை. உங்க பெயிண்டரு எப்ப வராரு, வெள்ளிக்கெழமையா? உடம்பு, மூக்கு, றெக்கை, அதெல்லாம் அவுரு இஷ்டத்துக்கு எத்தனை கோட்டு வேணாலும் அடிக்கட்டும். அந்த வாலுப் பலகை ரெண்டையும் மட்டும் கழட்டச் சொல்லுங்க. தெரியுமுங்க, தூண் மேலதான் நிக்குது, இனி அது எங்கயும் பறக்காது. அது எனக்குத் தெரியாதுங்களா? இருந்தாலும் கழட்டச் சொல்லுங்க. தகடு தெரியற மட்டும் சுரண்டிட்டு அடிக்கச் சொல்லுங்க. மூணே கோட்டு. ஒரு அட்டை எழுதி நூல்ல கட்டித் தொங்க விடுங்க. பெயிண்டரு கையெழுத்துப் போடற எடத்தை மட்டும் காலியா விட்டு வெய்யுங்க, வெள்ளிக்கெழமை நான் வந்து எண்ணிப் பாத்துட்டுப் போடறேன்.